ஒரே தொட்டியில் தின்ற செம்மறியும் வெள்ளாடும்

 

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களுள் பெரும்பாலானவை பிள்ளைகளின் படிப்பு, மணவாழ்வு, பாகப்பிரிவினை ஆகியவற்றைப் பற்றியவையே. ஆட்டின் வயிற்றைப் பற்றி இதுவரை எவரும் கேட்டதில்லை. சென்ற மாதம் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய கடிதத்தைப் படித்தபோது, இதுவும் குடும்பப் பிரச்சினையே என்பதை உணர்ந்தேன்.

கணவர் வெளிநாட்டில். வீட்டுச் செலவிற்கு உதவியாக இருக்கட்டும் என்று, மூன்று செம்மறிக் கிடாக்களையும் இரண்டு வெள்ளாட்டுக் கிடாக்களையும் குட்டியாக வாங்கி, பக்ரீதுக்கு விற்பதற்காக வளர்த்திருக்கிறார். பெருநாளுக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் ஐந்தையும் வேனில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். விலை படியவில்லை, நாள் முழுதும் வெயிலில் நின்று திரும்பின. மூன்றாம் நாள் ஒரு செம்மறி இரை எடுக்கவில்லை. கண்கள் மஞ்சளித்தன. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. மாலையில் செத்தது. மறுநாள் இரண்டாவதும் அவ்வாறே போயிற்று. திறந்து பார்த்தவர், ஈரல் மஞ்சளாகவும் சிறுநீரகங்கள் கருநீலமாகவும் இருந்தன என்று மட்டும் கூறிச் சென்றுவிட்டார்.

அடுத்த வீட்டாருடன் சுவர் எல்லைத் தகராறு இரண்டாண்டுகளாக இருந்து வருகிறதாம். அவர்களே தொட்டியில் விஷம் கலந்துவிட்டனர் என்று உறவினர் அனைவரும் கூறுகின்றனர். "ஜமாஅத்தில் புகார் கொடுப்பதா, காவல் நிலையத்திற்குப் போவதா என்று என் மச்சான்மார் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஒன்று விளங்கவில்லை. அதே தொட்டியில் தின்ற வெள்ளாடுகள் இரண்டும் ஏன் கல்லுப் போல் நிற்கின்றன?" என்பது சகோதரியின் கேள்வி.

நான் படித்தது கலைப் பாடம். ஆகையால் கடிதத்தை எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் படித்து முடித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "தீனியோடு என்ன கலந்து கொடுத்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள்." எழுதினேன். பதில் வந்தது. தவிடும் கடலைப் பிண்ணாக்கும். அவற்றோடு, ஆடுகள் எலும்பு பிடித்து வளர வேண்டும் என்பதற்காக, மாடுகளுக்கென விற்கப்படும் தாது உப்புக் கலவையில் நாள்தோறும் ஆளுக்கொரு கைப்பிடி, ஏழு மாதங்களாக. அதற்குப் பின்னர் அவர் எனக்கு விளக்கியவற்றையும், அவர் தந்த நூல்களில் நான் படித்தவற்றையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஆடு வளர்க்கும் இல்லங்கள் நம்மில் பல உள்ளன.

பெருநாளன்று போட்டி கழுவிய பெண்களுக்கு ஆட்டின் வயிற்றைப் பற்றி மருத்துவ மாணவரைவிட அதிகம் தெரியும். துவாலைத் துணியைப் போல் பூப்பூவாக இருக்கும் பெரிய பை முதல் அறை. தேன்கூட்டைப் போல் கட்டம் கட்டமாக இருப்பது இரண்டாவது. புத்தகத்தின் ஏடுகளைப் போல் அடுக்கடுக்காக மடிந்து, கழுவுவோரின் பொறுமையைச் சோதிப்பது மூன்றாவது. வழுவழுவென்று இருக்கும் நான்காவதுதான் நம்முடைய இரைப்பையைப் போல் அமிலம் சுரக்கும் உண்மையான வயிறு. அதற்கப்பால் ஏறத்தாழ 25 மீட்டர் நீளச் சிறுகுடல்.

நாம் உண்ணும் உணவிலுள்ள தாதுக்கள் பெரும்பாலும் சிறுகுடலில்தான் இரத்தத்தில் சேர்கின்றன. ஆட்டிற்கோ அதற்கு முன்பே ஒரு பெரிய சடங்கு நடந்து முடிந்துவிடுகிறது. முதல் அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. புல்லை முதலில் உண்பவை அவையே. ஆடு உண்பது அவை விட்டுவைத்ததையும், இறுதியில் அவற்றையுமே. தீனியில் எவ்வளவு தாது இருந்தது என்பதைவிட, இந்த அறையில் அதற்கு என்ன நேர்ந்தது என்பதே பல வேளைகளில் பெரிய கேள்வியாகிறது.

மக்னீசியத்தை எடுத்துக் கொள்வோம். வளர்ந்த ஆட்டின் உடல் இதனை முதன்மையாக உறிஞ்சுவது அந்தத் துவாலைத் துணி போன்ற முதல் அறையின் சுவர் வழியாகவே. அங்கே தவறவிட்டதைச் சிறுகுடல் ஈடு செய்வதில்லை. குளிர் நாடுகளில் வசந்த காலத்தில், சாம்பல் சத்து உரமிட்ட இளம்புல் தளதளவென்று வளரும். குட்டி ஈன்று பால் கொடுக்கும் ஆடு அதை வயிறார மேய்ந்துவிட்டு, சில நாட்களில் தள்ளாடி விழுந்து கால்களை உதைத்துக் கொண்டு மடியும். புல்லில் மக்னீசியம் குறைவு என்பது ஒரு காரணம். மற்றொன்று, அப்புல்லில் மிகுந்திருக்கும் பொட்டாசியம். அது முதல் அறைச் சுவரின் இரு பக்கங்களுக்கும் இடையிலுள்ள மின்னழுத்தத்தை மாற்றி, மக்னீசியம் உள்ளே புகும் வாயிலை ஒடுக்கிவிடுகிறது. இந்நோயில் இரத்தத்தின் மக்னீசியம் தாழ்ந்து போவதை நெதர்லாந்தின் ஸ்யோல்லெமா என்னும் அறிஞர் 1930ஆம் ஆண்டு வாக்கில் எடுத்துக் காட்டினார். அதற்கு முன்னர் செழித்த புல்லே எமனாவது எப்படி என்று புரியாமல் குடியானவர்கள் திகைத்திருக்கிறார்கள்.

சுண்ணாம்புச் சத்தின் கதை இவ்வளவு சிக்கலானதன்று. அது பெரிதும் சிறுகுடலில், வைட்டமின் 'டி'யின் மேற்பார்வையில், உடலின் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் எடுத்துக் கொள்ளப்படுகிறது.

பாஸ்பரஸைப் பற்றிச் சற்று நின்று கூற வேண்டும். கிடா கொழுக்க வைப்போர் கவனிக்க. ஓர் ஆடு நாளொன்றுக்கு 6 முதல் 16 லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. முதன்முறை படித்தபோது அச்சுப் பிழை என்றே எண்ணினேன். அன்று, அசை போடும் ஒவ்வொரு வாய்க்கும் உமிழ்நீர் ஊறி உள்ளே போகிறது. அதில் பாஸ்பரஸ் நிறைய உண்டு. சிறுகுடலில் உறிஞ்சப்படும் பாஸ்பரஸ் இரத்தத்திற்கு வந்து, உமிழ்நீர் வழியே மீண்டும் வயிற்றுக்குப் போகிறது. மிகுதியானது சாணத்தோடு வெளியேறிவிடும். மனிதனுக்குச் சிறுநீரகம் செய்யும் வேலையை ஆட்டிற்கு உமிழ்நீரும் சாணமும் செய்கின்றன. தழையும் வைக்கோலும் குறைந்து, தவிடும் தானியமும் கூடினால் என்னவாகும்? அசை போடுதல் குறையும், உமிழ்நீர் குறையும். தவிட்டிலோ பாஸ்பரஸ் மிகுதி. போக வழியற்ற பாஸ்பரஸ் சிறுநீரில் இறங்கிக் கற்களாகத் திரள்கிறது. கிடாவின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகியது. பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கொழுத்த கிடா முக்கி முக்கி நின்று, ஒரு சொட்டும் போகாமல் வயிறு ஊதிச் சாவது இதனால்தான். தழையைக் குறைத்துத் தவிட்டைக் கொட்டும் அன்பு அன்பாகாது.

இனி, இரண்டு ஆஸ்திரேலியக் கதைகள். சகோதரியின் கேள்விக்கு விடை இரண்டாவதில் இருக்கிறது. எனினும் முதலாவதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் டென்மார்க் என்றொரு சிற்றூர் உண்டு. ஐரோப்பிய நாட்டோடு குழப்பிக் கொள்ள வேண்டாம். அவ்வூர்ப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் புல்லுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அங்கே விடப்பட்ட ஆடுமாடுகள் முழங்கால் அளவு புல்லில் நின்றுகொண்டே பட்டினி கிடந்தவை போல் மெலிந்து, இரத்தம் வெளுத்து மாண்டன. தெற்கு ஆஸ்திரேலியாவின் கடலோரங்களிலும், நியூசிலாந்தின் எரிமலை மண் பகுதியிலும் இதே நோய். நியூசிலாந்தில் ஆஸ்டன் என்னும் வேதியியலாளர், இரத்தம் வெளுத்திருப்பதால் இரும்புச் சத்துக் குறைவு என்று முடிவு செய்தார். லிமோனைட் என்ற இரும்புக் கனிமத்தைப் பொடித்துக் கொடுத்தார்கள், குணமும் கண்டது. அத்தோடு விவகாரம் முடிந்தது என்றே உலகம் எண்ணியது.

ஃபில்மர், அண்டர்வுட் என்னும் இருவருக்கு மட்டும் ஐயம் எழுந்தது. இரும்புக் குறைவுதான் காரணமென்றால் மிகச் சிறிதளவு இரும்பே போதுமே. அளவுக்கு மீறிக் கொடுத்தால்தானே குணமாகிறது? அவர்கள் லிமோனைட்டிலிருந்து இரும்பை முற்றிலும் நீக்கிவிட்டு, எஞ்சிய சாற்றைக் கொடுத்துப் பார்த்தனர். ஆடுகள் பிழைத்தன! பல ஆண்டுகளாக மருந்தென்று கருதப்பட்ட இரும்பு வெறும் சுமைகூலி. உண்மை மருந்து அதில் தூசாக ஒட்டியிருந்த கோபால்ட் என்பது 1935இல் தெரிய வந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் மார்ஸ்டன், லைன்ஸ் ஆகியோரும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்தனர். ஒரு கிலோ உலர்ந்த தீனியில் ஒரு மில்லிகிராமில் பத்திலொரு பங்கு கோபால்ட் இருந்தால் போதும்; அதுவும் இல்லாத மண் அது.

ஆனால் புதிய புதிர் ஒன்று முளைத்தது. கோபால்ட்டை வாய் வழியே கொடுத்தால் ஆடு பிழைக்கிறது. ஊசி மூலம் இரத்தத்தில் ஏற்றினால் பயனில்லை. இரத்தத்திற்கு நேரே போனது வீணாகி, வயிற்றுக்குப் போனது பயன்படுவானேன்? 1948இல் வைட்டமின் 'பி12' பிரித்தெடுக்கப்பட்டு, அதன் நடுவில் ஒரு கோபால்ட் அணு அமர்ந்திருப்பது வெளிப்பட்டபோது முடிச்சு அவிழ்ந்தது. ஆட்டின் உடலுக்குக் கோபால்ட் நேரடியாகத் தேவையில்லை. முதல் அறையின் நுண்ணுயிர்களுக்கே தேவை. அவை அதைக் கொண்டு பி12ஐச் செய்கின்றன. அது சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்படுகிறது. 1951இல் அமெரிக்காவில், நலிந்த ஆடுகளுக்குப் பி12ஐயே ஊசியாகப் போட்டபோது அவை எழுந்து மேயத் தொடங்கின. பின்னர் ஆஸ்திரேலியர்கள் கோபால்ட் அடங்கிய கனமான குண்டு ஒன்றைச் செய்து, ஆட்டின் தொண்டைக்குள் இறக்கிவிட்டனர். அது தேன்கூட்டு அறையில் போய்த் தங்கி, நெடுங்காலம் சிறிது சிறிதாகக் கரைந்து கொண்டிருந்தது.

இரண்டாம் கதை செம்பைப் பற்றியது. அதே மேற்கு ஆஸ்திரேலியாவில், பிறந்த குட்டிகளுக்குப் பின்னங்கால்கள் வலுவிழந்து, நடக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடி, கடைசியில் எழ முடியாமற் போகும் நோய் இருந்தது. சினையாட்டிற்குச் செம்புச் சத்துக் குறைந்ததே காரணம் என்று பென்னட்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் 1937இல் நிறுவினார். இங்கிலாந்திலும் இதே நோய் இருந்தது. வியப்பு என்னவெனில், அங்குப் பல இடங்களில் புல்லைச் சோதித்தபோது செம்பு வழக்கமான அளவிலேயே இருந்தது! புல்லில் உள்ள செம்பு ஆட்டிற்குப் போய்ச் சேரவில்லை.

இடையில் பறித்துக் கொள்வது யார்? 1938இல் இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில், மாடுகளுக்கு ஓயாத கழிச்சலை உண்டாக்கும் மேய்ச்சல் நிலங்களில் மாலிப்டினம் என்னும் உலோகம் மிகுந்திருப்பதையும், செம்புத் துத்தம் கொடுத்தால் கழிச்சல் நிற்பதையும் ஃபெர்குசன் குழுவினர் கண்டறிந்தனர். ஆஸ்திரேலியாவின் டிக் என்பார் செம்மறிகளை வைத்துச் செய்த சோதனைகளில், இதில் கந்தகத்திற்கும் பங்குண்டு என்பது புலப்பட்டது. இன்று அதன் வழிமுறை தெரியும். தீனியிலும் நீரிலும் உள்ள கந்தகச் சத்தை முதல் அறை நுண்ணுயிர்கள் சல்பைடாக மாற்றுகின்றன. அது மாலிப்டினத்தோடு கூடி, செம்பைக் கண்டால் விடாமல் பற்றிக் கொள்ளும் சேர்மமாகிறது. பற்றிய பிடி குடல் முழுதும் தளர்வதில்லை. செம்பு சாணத்தோடு போய்விடுகிறது. மண்ணோடு சேர்த்து மேயும்போது உள்ளே போகும் இரும்பும் இவ்வாறே செம்புக்குத் தடை செய்கிறது.

ஆகவேதான் பால்குடிக் குட்டிக்கும் வளர்ந்த ஆட்டிற்கும் இத்தனை வேற்றுமை. முதல் அறை இன்னும் வேலை செய்யத் தொடங்காத குட்டி, பாலிலுள்ள செம்பில் நூற்றுக்கு 70 முதல் 85 பங்கு வரை உறிஞ்சிக் கொள்கிறது. அதே குட்டி வளர்ந்து புல் தின்னும்போது பத்துப் பங்குகூடத் தேறுவதில்லை.

செம்மறியின் உடலமைப்பு இந்த வறுமைக்குப் பழகியது என்றே சொல்லலாம். கிடைப்பது குறைவு; ஆதலால் கிடைத்ததை ஈரலில் பூட்டி வைத்துக் கொள்கிறது. மிஞ்சியதைப் பித்தத்தோடு வெளியேற்றும் திறன் அதற்கு மிகக் குறைவு. மாட்டிற்கும் வெள்ளாட்டிற்கும் அத்திறன் மேலானது. ஒரு கிலோ உலர் தீனியில் 5 முதல் 10 மில்லிகிராம் செம்பு செம்மறிக்குப் போதும். தாங்கும் எல்லை 15 மில்லிகிராம் என்றும், மாட்டிற்கு அது 40 என்றும் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2005இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. மாட்டிற்கென்று கலந்த தாது உப்பில் செம்பு மாட்டின் கணக்கிற்கு இருக்கும். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள மாட்டிற்கான கலவையை, முப்பது கிலோ செம்மறிக்குக் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்தால் ஈரல் நிரம்பாமல் என்ன செய்யும்?

நிரம்பும் காலத்தில் வெளியே எதுவும் தெரியாது என்பதுதான் கொடுமை. ஆடு நன்றாகத் தின்னும், மினுமினுக்கும், பார்ப்போர் வளர்த்தவரைப் பாராட்டுவர். பின்னர் ஏதேனும் ஒரு நாள் அலைச்சல், பட்டினி, வெயில், மிரட்சி. வேனில் ஏற்றியதும், சந்தையில் நாள் முழுதும் நிறுத்தியதும் போதும். ஈரல் அணுக்கள் உடைந்து, பல மாதச் சேமிப்பு ஒரே வேளையில் இரத்தத்தில் பாய்கிறது. சிவப்பணுக்கள் சிதைகின்றன. கண் மஞ்சளாகிறது, சிதைந்த இரத்தத்தின் நிறம் சிறுநீரில் இறங்கிக் காப்பி நிறமாகிறது, அதை வடிகட்ட முயன்ற சிறுநீரகங்கள் துப்பாக்கி இரும்பைப் போல் கருநீலமாகின்றன. ஓரிரு நாட்களில் முடிந்துவிடுகிறது.

சகோதரியே! உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதிய ஒவ்வொரு குறியும் இதனோடு பொருந்துகிறது. செத்த ஆட்டின் ஈரலையும் சிறுநீரகத்தையும் ஆய்வகத்திற்கு அனுப்பியிருந்தால் ஐயத்திற்கு இடமே இருந்திராது. அது இனி முடியாது. எனவே மருத்துவரும் "பெரும்பாலும் செம்பு" என்றுதான் சொன்னார். அவர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. ஆனால் அடுத்த வீட்டார் தொட்டியில் நஞ்சிட்டனர் என்பதற்கு உங்கள் மச்சான்மாரிடம் இருக்கும் சான்று என்ன? சுவர்த் தகராறு ஒன்றுதானே! அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை ஜமாஅத்தின் முன் நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அவர்களிடம் இந்தப் பக்கத்தையே காட்டிக் கேளுங்கள். "வெள்ளாடுகள் ஏன் சாகவில்லை" என்று அந்த வீட்டில் நீங்கள் ஒருவராவது கேட்டீர்களே, அதற்காகவே இம்மாதப் பக்கம் முழுவதையும் உங்களுக்கு ஒதுக்கினேன்.

உங்கள் மீதும் பழி போட்டுக் கொள்ள வேண்டாம். எலும்பு பிடிக்கட்டும் என்று அக்கறையோடு வாங்கிக் கொடுத்தீர்கள். மூட்டையின் மீது மாட்டின் படம் போட்டிருக்கிறது. செம்மறிக்கு ஆகாது என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

இப்போது அவசரம், மீதமிருக்கும் அந்த ஒரு செம்மறியைப் பற்றியது. அதன் ஈரலும் நிரம்பித்தான் இருக்கும். கலவையை இன்றே நிறுத்துங்கள். வேனில் ஏற்றாதீர்கள், ஓட்டாதீர்கள், மிரட்டாதீர்கள், நிழலில் கட்டி, தழையும் தண்ணீரும் தாராளமாகக் கொடுங்கள். கால்நடை மருத்துவரை வீட்டுக்கு அழைத்து இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் செம்பை மட்டும் பார்த்தால் கடைசி நாள் வரை ஒழுங்காகவே காட்டும். ஈரல் பழுதைக் காட்டும் நொதிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவை பல நாட்களுக்கு முன்னரே உயர்ந்துவிடும். தேவையென்று கண்டால் அவர் அம்மோனியம் மாலிப்டேட், சோடியம் சல்பேட் ஆகிய இரண்டையும் அளவறிந்து வாய்வழி கொடுப்பார். சாமர்செட் மாடுகளைப் படுத்திய அதே மாலிப்டினமும் கந்தகமும்தான். உங்கள் ஆட்டின் வயிற்றில் செம்பைப் பிடித்து வெளியே இழுத்துப் போக அவற்றையே அனுப்புகிறார்கள். அளவு தெரியாமல் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

வெள்ளாடுகளுக்கும் அந்தக் கலவை இனி வேண்டாம். அவை தாங்கும் என்றுதான் சொன்னேன். எவ்வளவு கொடுத்தாலும் தாங்கும் என்று சொல்லவில்லை. ஆடுகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட தாது உப்புக் கட்டிகள் கிடைக்கின்றன. செம்மறிக்கு வாங்கும்போது செம்பு சேர்க்காதது எது என்று கேட்டு வாங்குங்கள். மீதமிருக்கும் மூட்டையை மாடு வைத்திருப்பவர் யாருக்கேனும் கொடுத்துவிடலாம். அடுத்த வீட்டில் கறவை மாடு ஒன்று இருப்பதாக உங்கள் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்.